வாய்க்காலுக்குச் சாக்கடை என்று பெயர் வைத்தவர்கள்

பாசனப் பிரிவுக்குப் புதிதாகப் போஸ்டிங் வாங்கி வரும் பிள்ளைகள் சிலர், யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்ப, ஸ்வீட் பாக்ஸோடு திருவானைக்காவலுக்கு என்னைப் பார்க்க வருகிறார்கள். அனுபவத்தில் ஏதாவது சொல்லுங்கள் மேடம் என்கிறார்கள். ஷட்டருக்கு எப்போது கிரீஸ் வைப்பது, மராமத்து எஸ்டிமேட் எப்படிப் போடுவது, இதையெல்லாம் ஆபீஸில் இருக்கும் கிளார்க்கே சொல்லிக் கொடுத்துவிடுவார். அதற்கு நான் எதற்கு? என்னிடம் இருப்பது எனக்குக் கோபம் வந்த கதை ஒன்று. வந்து பல வருஷம் ஆகிவிட்டது, நான் ஓய்வும் பெற்றுவிட்டேன், கோபம் மட்டும் ஓய்வு பெறவில்லை. பிடித்தால் கேளுங்கள். பிடிக்காவிட்டால் ஸ்வீட் பாக்ஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள், எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து முக்கொம்பு போகும் ரோட்டில் ஒரு கிராமம். ஊர் முழுக்க நன்செய். வாழை, வெற்றிலைக் கொடிக்கால், கொஞ்சம் நெல். பெரிய வாய்க்காலிலிருந்து பிரிந்து வரும் ஒரு கிளை வாய்க்கால்தான் அந்த வயல்களுக்குத் தண்ணீர் கொண்டு போகிறது. நான் அந்தப் பிரிவில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தபோது ஊரின் மேல்பாதி மனையாகி, வீடு எழும்பி, ஒரு நகர் ஆகியிருந்தது. கீழ்ப்பாதியில் வாழை நின்றது. வாய்க்கால் நகருக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்து, வாழைக்குப் போனது. நகரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே இருக்கும் பாதிப் பேர் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். நல்ல மனுஷர்கள்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மனை போட்டவர் என்ன சொல்லி விற்றார் தெரியுமா? காவிரி வாய்க்கால் ஓரத்து மனை என்று. நோட்டீஸில் வாய்க்காலைப் படம் போட்டிருந்தார். நீலத் தண்ணீர், இரண்டு பக்கமும் தென்னை, போதாததற்கு ஒரு வாத்து. வாய்க்கால் ஓரத்து மனைக்கு விலையும் கூட. வீடு கட்டிக் குடி வந்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. வயல் மண்ணில் செப்டிக் டாங்க் தண்ணீர் ஊறாது. பாதாளச் சாக்கடைத் திட்டம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மனை போட்டவர் அதற்கு ஒரு வழி செய்து கொடுத்தார். தெருவுக்குத் தெரு பைப்பைப் புதைத்து, அத்தனை வீட்டுக் கழிவையும் வாய்க்காலில் கொண்டுபோய் விட்டார். விட்டுவிட்டு அடுத்த ஊரில் மனை போடப் போய்விட்டார்.

வாய்க்காலில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடாது. மேட்டூரை மூடினால் இங்கேயும் மூடிவிடுவோம். அந்த மாதங்களில் வாய்க்காலில் நின்றது நகரின் கழிவு மட்டும்தான். கறுத்து, நுரைத்து, கொசு பெருகிக் கிடந்தது. பிள்ளைகளை சாக்கடைப் பக்கம் போகாதே என்று அதட்டி வளர்த்தார்கள். ஆட்டோக்காரருக்கு வழி சொல்லும்போது சாக்கடைப் பாலம் தாண்டி லெஃப்ட் என்றார்கள். கிராமத்திலிருந்து பால் ஊற்ற வந்தவர்களும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்தரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள்.

ஆனால் அந்தச் சொல் ஆபீஸுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாய்க்கால் என்றால் பாசனம். அதில் கை வைப்பதற்கு முன்னால் கீழே இருக்கும் விவசாயிகளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். சாக்கடை என்றால் யாரையும் கேட்க வேண்டாம். மூடி போடலாம், சுருக்கலாம், மேலே கார் நிறுத்தலாம். அதற்கு நிதி வேறு, ஆள் வேறு. நகர்ச் சங்கத்தார் எங்கள் சாக்கடைக்கு மூடி போட்டுத் தாருங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் அப்படிக் கேட்டதால் மேலே இருந்தவர்களும் அப்படியே சொன்னார்கள். மேலே சொன்னதால் நம் மேலதிகாரியும் அப்படியே சொன்னார். அவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. தண்ணீர் ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்லக்கூடியவர், நான் மதித்த பொறியாளர். சாக்கடைதானே, நமக்கு என்ன ஆட்சேபணை என்று சொல்லி அனுமதித்துவிட்டார். நான் அந்தப் பிரிவுக்கு வருவதற்கு முன்பே அந்த அனுமதி கொடுத்து முடிந்திருந்தது. எனக்கு யாரும் சொல்லவும் இல்லை.

சொன்னவர் மருதாயி. கீழ்ப்பாதியில் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பூவன் வாழை போட்டிருந்தார். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். வாழை முழுக்க மருதாயியின் பொறுப்பு. நிலம் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருக்கும் ஒருவருடையது. பக்கத்து மனைகள் என்ன விலைக்குப் போகின்றன என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு நிலை கொள்ளவில்லை. பயிர் வைக்கிறவரைக்கும் வைத்துக்கொள், ஒரு போகம் விட்டாலும் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று மருதாயியிடம் கறாராகச் சொல்லியிருந்தார். போர் போடுவதற்கும் சம்மதிக்கவில்லை. ஆக, வாய்க்காலில் தண்ணீர் வந்தால் அது மருதாயியின் வயல். வராவிட்டால் மனை. அவ்வளவுதான் விஷயம்.

அன்று காலையில் ஆபீஸைத் திறக்கும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், வாய்க்கால்ல மண்ணைக் கொட்டி அடைச்சிருக்காங்க. என்னன்னு கேட்டா, சாக்கடைக்கு மூடி போடுறோம்ங்கிறாங்க. நம்ம வாய்க்காலு எப்பங்க சாக்கடையாச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அன்று விடியற்காலையில்தான் வாய்க்காலைக் கவனிக்கும் எங்கள் லஸ்கர் மேலே கிளை வாய்க்கால் ஷட்டரைத் தூக்கியிருந்தார். மேட்டூர் திறந்து, முக்கொம்புக்குத் தண்ணீர் வந்து சேர்ந்து, வழக்கம் போல உத்தரவு வந்து, வழக்கம் போலத் திறந்தோம். தண்ணீர் கிளம்பி வந்துகொண்டிருந்தது. நகருக்குள் வாய்க்கால் அடைத்துக் கிடந்தது. ஸ்கூட்டியை எடுத்தேன், மருதாயி பின்னால் ஏறிக்கொண்டார்.

போய்ப் பார்த்தால் வாய்க்காலின் குறுக்கே ஆள் உயரத்துக்கு மண். மண்ணுக்கு அந்தப் பக்கம் வாய்க்காலுக்குள் கம்பி கட்டி, பலகை அடித்து, கான்கிரீட் கொட்டத் தயாராக வைத்திருந்தார்கள். பொக்லைன் ஒன்று ஓரமாக நின்றது. இரண்டு பக்கமும் வாய்க்கால் கரையை வெட்டி வீட்டுக்காரர்கள் காம்பவுண்டுக்குள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஏறினால் தடுக்கக் கரை இல்லை. நேரே கேட், கேட்டைத் தாண்டினால் ஹால். காண்டிராக்டரின் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, மண்ணை எடுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"சாக்கடையில எங்கேர்ந்து மேடம் தண்ணி வரப் போகுது?"

கிண்டல் இல்லை. அந்த ஆள் நிஜமாகவே நம்பினார். வேலையை ஆரம்பிக்கும் முன் தண்ணீர் திறக்கும் தேதியை ஏன் கேட்கவில்லை என்றால், சாக்கடைக்குத் திறக்கும் தேதி என்று ஒன்று கிடையாது. மேலே அனுமதி கொடுத்தவர்களும் அதனால்தான் கேட்கவில்லை. படித்தவர்கள், அனுபவசாலிகள், இத்தனை பேரும் ஒரு சொல்லை நம்பி வாய்க்காலின் குறுக்கே மண்ணைக் கொட்டியிருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

மேலதிகாரிக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ஷட்டரை மூடிவிடுங்கள், வேலை முடியட்டும், அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது என்றார். வாழை பூத்தள்ளுகிற நேரம் சார், ஆடிக் காற்று வேறு ஆரம்பித்துவிட்டது, இப்போது காய்ந்தால் தார் தேறாது என்றேன். மேலிடத்து வேலை, நிறுத்த முடியாது என்றார். சரி சார், ஷட்டரை மூடவும் என்று வாட்ஸப்பில் ஒரு வரி போடுங்கள், உடனே மூடிவிடுகிறேன் என்றேன். அவர், சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த ஒரு வரி இன்று வரை வரவில்லை.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயால் வருகிற உத்தரவை எழுத்தில் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே கேளுங்கள். பாதி உத்தரவுகள் அங்கேயே செத்துப் போகும். மீதிப் பாதிக்கு நீங்கள் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

அதற்குள் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. நகர்ச் சங்கச் செயலாளர் வந்தார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முந்தின வருஷம் அவர் பேத்திக்கு டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்திருந்தது. மூடி வேண்டும் என்று அவர் அலைந்ததில் ஒரு தப்பும் இல்லை. நான் அவரிடம் சொன்னேன், ஷட்டரை இப்போது மூடினாலும் வாய்க்காலுக்குள் வந்துவிட்ட தண்ணீர் வந்தே தீரும், மண் இருந்தால் அது உங்கள் வீடுகளுக்குள்தான் போகும் என்று. ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர், சட்டென்று புரிந்துகொண்டார். மண்ணையும் வெட்டுங்கள், ஷட்டரையும் மூடுங்கள், அந்தத் தண்ணீர் எங்களுக்கு எதற்கு என்றார்.

"எங்களுக்கு வேணுங்க" என்றார் மருதாயி.

செயலாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எந்தத் தெரும்மா?"

"நான் தெரு இல்லைங்க. கீழ வயலுங்க."

"இதுக்குக் கீழ வயல் இருக்கா?"

அந்த மனிதர் அங்கே குடிவந்து எத்தனையோ வருஷம். தினமும் அந்த வாய்க்காலைத் தாண்டித்தான் பால் வாங்கப் போவார். அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சாக்கடை எங்கே போகிறது என்று யார் கேட்பார்கள்? மருதாயி கையை நீட்டி, கடைசித் தெருவுக்குப் பின்னால் தெரிந்த வாழைத் தலைகளைக் காட்டினார். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார். எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

சூப்பர்வைசர் பொக்லைன் சாவியைத் தர மாட்டேன் என்று நின்றார். செயலாளர்தான் போய்ப் பேசினார். தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் உங்கள் காண்டிராக்டர் எந்த ஊருக்கும் போக முடியாது என்று நிதானமாக ஏதோ சொன்னார். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். முதல் வாளி மண்ணை அள்ளும்போதே மேலே தெருமுனையில் தண்ணீர் தெரிந்தது, குப்பையை முன்னால் தள்ளிக்கொண்டு. மண்ணை உடைத்து முடிக்கவும் தண்ணீர் வந்து சேரவும் சரியாக இருந்தது. கட்டி வைத்த கம்பியும் பலகையும் வளைந்து பிய்ந்து கீழே போயின. சூப்பர்வைசர் அத்தனையையும் வீடியோ எடுத்தார். மதியத்துக்குள் அது நகரின் வாட்ஸப் குரூப்பில், 'சாக்கடையை உடைத்த பெண் அதிகாரி' என்று சுற்றிக்கொண்டிருந்தது. ஷட்டரை நான் மூடவில்லை.

இதோடு கதை முடிந்தால் உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். மேடம் தைரியசாலி என்று சொல்லிவிட்டுப் போகலாம். நானும் அப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டு, தண்ணீர் போகும் வழியே கரை ஓரமாக மருதாயியோடு நடந்து அவருடைய மடைக்குப் போனேன். வருஷத்தின் முதல் தண்ணீர் வரும்போது நம் பக்கத்தில் பூப் போட்டு, சூடம் காட்டி, கும்பிட்டுத்தான் மடையைத் திறப்பார்கள். மஞ்சள் பையில் அவர் வைத்திருந்தது அதுதான். காலையில் ஆபீஸுக்கு வரும்போதே கொண்டு வந்திருக்கிறார், தண்ணீர் எப்படியும் வந்துவிடும் என்று.

தண்ணீர் வந்தது. நகரின் கோடைக்காலக் கழிவு முழுவதையும் வழித்துக்கொண்டு, தார் நிறத்தில் வந்தது. மேலே சோப்பு நுரை. குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர்கள், சானிடரி நாப்கின்கள், கறுப்புப் பைகள். நாற்றத்தில் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மருதாயி பொத்தவில்லை. சூடத்தைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். பிறகு அதைத் திரும்பப் பையில் போட்டார்.

"இதுக்கு எப்படிங்க சூடம் காட்டுறது" என்று மட்டும் சொன்னார்.

அவர் மடையைத் திறக்கவில்லை. மண்ணை அள்ளிப் போட்டு இன்னும் நன்றாக அடைத்தார். அழுக்கு போகட்டும் என்று அன்றும் மறுநாளும் காத்திருந்தார். அதன் பிறகும் தண்ணீர் முழுக்கத் தெளியவில்லை. காலையில் நகரே குளிக்கும் நேரத்தில் நுரை வரும். அதற்குப் பிறகு துணி துவைக்கும் தண்ணீர். சாயந்திரம் மறுபடி நாறும். நடு மத்தியானத்தில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருக்கும்போதுதான் கொஞ்ச நேரம் தண்ணீர் தண்ணீராக வரும். அந்த நேரம் பார்த்து, உச்சி வெயிலில், மருதாயி மடையைத் திறந்து வாழைக்குப் பாய்ச்சினார். காவிரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது உங்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஆட்கள் பல் விளக்கும் நேரத்தையும் குளிக்கும் நேரத்தையும் கணக்குப் பண்ணி ஒருத்தர் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சியதை நான் அங்கேதான் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் அவருக்குச் சொறி வந்திருந்தது. வேப்பெண்ணெய் தடவியிருக்கிறேன், சரியாகிவிடும் என்றார். சூப்பர்வைசரிடமும் மேலதிகாரியிடமும் வந்ததெல்லாம் கோபமே இல்லை. கோபம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சட்டப்படி எனக்கு இருந்த அதிகாரம் ஒன்றுதான். பாசன வாய்க்காலில் யாரும் கழிவு விடக் கூடாது, விட்டால் நாம் அடைக்கலாம். மனை போட்டவருக்கு நோட்டீஸ் கொடுத்தேன். பதில் இல்லை. சங்கத்துக்கும் கொடுத்தேன். மூடி போடுவதைக் கெடுத்தவள் கொடுத்த நோட்டீஸ் என்று யாரும் படிக்கவில்லை. கெடு முடிந்ததும் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய், வாய்க்காலில் வந்து விழும் ஒவ்வொரு பைப்பின் வாயையும் செங்கல் வைத்து, சிமென்ட் போட்டுப் பூசினேன். தெருவில் நின்று என்னைத் திட்டினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை, பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவள். எனக்கும் திட்டத் தெரியும்.

இரண்டொரு நாளில் செயலாளர் ஆபீஸுக்கு வந்தார். சண்டைக்கு என்று நினைத்து நானும் தயாராக இருந்தேன். அவர் களைத்துப் போயிருந்தார்.

"மேடம், பாத்ரூம்ல எதிர்த்து வருது. வீட்டுக்குள்ள உக்காந்து சாப்பிட முடியலை."

"அது உங்க வீட்டுலேர்ந்து போனதுதான் சார். இவ்வளவு நாளா அந்த அம்மா வயல்ல எதிர்த்து வந்துச்சு" என்றேன்.

நான் சொன்ன தொனி நன்றாக இல்லை என்று எனக்கே தெரியும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். மனை போட்டவரிடம் போங்கள், பூங்காவுக்கு என்று விட்ட இடத்தில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி கட்டித் தரச் சொல்லுங்கள், அது அவர் செய்திருக்க வேண்டிய வேலை என்றேன். அந்த மனிதர் அதைச் செய்தார். நகரில் பாதிப் பேரைத் திரட்டிக்கொண்டு தில்லைநகரில் இருந்த மனைக்காரரின் ஆபீஸில் போய் உட்கார்ந்தார். மனைக்காரர் இறங்கி வந்தார். தொட்டிக்குக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். அதுவரைக்கும் கழிவை லாரி வைத்து எடுத்தார்கள். வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் ஓடியது. மருதாயி காலையிலேயே மடையைத் திறந்தார். அந்த வருஷம் தார் நன்றாகவே தேறியது. அடுத்த போகத்துக்குப் பக்கக் கன்றை மறுதாம்பு விட்டிருக்கிறேன் என்று சொல்லி, ஒரு சீப்புப் பழத்தை ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

குழி தோண்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு மாறுதல் உத்தரவு வந்தது. நிர்வாக நலன் கருதி, அரியலூர். நிர்வாகத்துக்கு என்ன நலன் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் அந்தச் சிக்னல் சரியாக இருந்திருக்காது. போகும்போது பைப்பை மட்டும் திறந்துவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனேன்.

என் இடத்துக்கு ஒரு இளைஞர் வந்தார். முதல் போஸ்டிங். நல்ல பிள்ளை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒருவரிடமும் கை நீட்டாதவர், முகம் சுளிக்காதவர். குழி குழியாகவே நின்றுபோனது, மனைக்காரர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. லாரியும் நின்றது. நகரில் வயதானவர்கள் இருக்கிறார்கள், கைக்குழந்தைகள் இருக்கிறார்கள், தற்காலிகமாகவாவது பைப்பைத் திறந்துவிடுங்கள் என்று சங்கத்தில் சிலர் போய்க் கேட்டிருக்கிறார்கள். செயலாளர் கூடாது என்று சொல்லியும் கேட்கவில்லை. புதியவர் இரக்கப்பட்டுத் திறந்துவிட்டார். உங்களில் யாராக இருந்தாலும் திறந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன். கண்ணுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து கஷ்டத்தைச் சொல்கிறவருக்கு இரங்குவது சுலபம். அவருக்குக் கீழே, கடைசித் தெருவுக்குப் பின்னால், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒருத்தர் நிற்பார். இரங்குவதற்கு முன்னால் அவர் யார் என்று போய்ப் பாருங்கள்.

கொஞ்ச நாள் கழித்து மருதாயி எனக்குப் போன் பண்ணினார். பஸ்ஸிலிருந்து பேசினார், இரைச்சலாக இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்பி வருவதாகச் சொன்னார். நிலத்தை உத்தர வீதிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டாராம். மறுதாம்பு நெஞ்சு உயரம் வந்திருக்கும் நேரம். எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். பைப்பைத் திறந்தால் என்ன, நீங்கள் மத்தியானம் பார்த்துப் பாய்ச்சியவர்தானே, புது ஆபீஸரைப் போய்ப் பார்த்தீர்களா, என்னிடமாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று.

பஸ் எங்கேயோ நின்று கிளம்பியது.

"போய்ப் பாத்தேங்க மேடம். நல்ல தம்பிங்க. உக்காரச் சொல்லி, டீ வாங்கிக் குடுத்துச்சு. நான் சொன்னதெல்லாம் பொறுமையாக் கேட்டுச்சு. கேட்டுட்டு, ஏம்மா சாக்கடைத் தண்ணியில போயி வெவசாயம் பண்றீங்க, உங்க ஒடம்பு என்னத்துக்கு ஆவும்னு நெசமாவே வருத்தப்பட்டுச்சுங்க. பைப்பைத் தொறந்தப்பக்கூட நான் விட்டுட்டுப் போவணும்னு நெனைக்கலைங்க. ஆனா அது உங்க ஆபீஸு வாய்க்காலு. நீங்களே அதைச் சாக்கடைன்னு சொல்லிட்டப்புறம், நான் வேற எந்த ஆபீஸுக்குங்க போறது?"